கடைசி எண் ஒன்பது

என் போன் விழுந்தது ஒரு வாளிக்குள். சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் பக்கம் ஒரு வீட்டில் ஏணிமேல் நின்று ஏர்கானின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரு கையில் மூடி, இன்னொரு கையில் ஸ்க்ரூடிரைவர். யார் என்று பார்க்கக் குனிந்தேன். போன் நழுவி, ஏணியின் மூன்றாவது படியில் முகத்தை ஒரு தடவை மோதிக்கொண்டு, ஃபில்டர் கழுவ வைத்திருந்த வாளிக்குள் போய் உட்கார்ந்தது. உள்ளே இருந்தபடியே இன்னும் இரண்டு தடவை அடித்தது. அவ்வளவு கடமையுணர்ச்சியை நான் என்னிடம்கூடப் பார்த்ததில்லை.

என் தொழில் ஏர்கான் சர்வீஸ். முதலாளி, தொழிலாளி, ஓட்டுநர், ஏணி பிடிக்கிறவர் எல்லாம் நான் ஒருவனே. விளம்பரம் என்று ஒன்றும் கிடையாது. வேலை முடிந்ததும் ஏர்கானின் ஓரத்தில் உள்ளங்கை அளவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவேன். அதில் என் போன் நம்பர், அடுத்த சர்வீஸ் எந்த மாதம் என்ற குறிப்பு. பெயர்கூட இல்லை. ஏர்கான் ஒழுக ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்ப்பார், நம்பர் இருக்கும், கூப்பிடுவார். இப்படியே பதினேழு வருஷமாக ஓடுகிறது. என் நம்பர் இந்தத் தீவில் எத்தனை வீட்டுச் சுவர்களில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அந்த நம்பர் போனால் என் கடை போயிற்று. எனக்குக் கடை என்று இருப்பதே அந்த எட்டு இலக்கம்தான்.

போனை மனைவி ஒரு ராத்திரி அரிசி டின்னுக்குள் புதைத்துவைத்தாள். மறுநாள் எழுந்தது, ஆனால் பழைய ஆளாக இல்லை. திரையின் வலது கீழ் மூலை செத்துவிட்டது. பேட்டரி மதியச் சாப்பாடு வரைக்கும்தான் தாங்கியது. வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் அவர்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

வாடிக்கையாளர்கள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒன்றிரண்டு வருஷமாகவே சிலர் என்னிடம் ஒரு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க ஆபீஸ்ல போன் எடுக்கிறாரே, அந்த ஆளு ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு லா," என்றார் ஜூரோங்கில் ஒருவர். "எத்தனை யூனிட்டு, எத்தனாவது மாடி, ஏணி போட எடம் இருக்கான்னு ஆயிரம் கேள்வி கேட்டாரு."

எனக்கு ஆபீஸும் இல்லை, ஆளும் இல்லை. ஏணிமேல் நின்று பேசும்போது என் குரல் அப்படி அதிகாரமாக மாறிவிடுகிறது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புதுப் போன் வாங்கியே ஆகவேண்டும் என்று முடிவானதும், பாலிடெக்னிக்கில் படிக்கிற மகள் லேப்டாப்பைத் திறந்து ஓர் அட்டவணை போட்டாள். குறுக்கே ஆறு கம்பெனிகள். நெடுக்கே எத்தனை ஜிபி, எத்தனை நிமிஷம், ஒப்பந்தம் உண்டா இல்லையா, எல்லை தாண்டி ஜொகூர் போனால் வேலை செய்யுமா. நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு.

"அப்பா, நீங்க மாசம் எவ்வளவு டேட்டா யூஸ் பண்றீங்க?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"இப்ப இருக்குற பிளான்ல எவ்வளவு தர்றாங்க?"

"தர்றாங்க. நல்லாத்தான் தர்றாங்க."

"அப்பா, உங்க பிளான் பேரே இப்ப அவங்க வெப்சைட்ல இல்ல. மியூசியம்ல வைக்கலாம். என் கம்பெனிக்கு வந்துடுங்க. கடையே கிடையாது, எல்லாம் ஆப்லதான். நீங்க கட்டுறதுல பாதிதான் வரும்."

"கடையே இல்லன்னா கோவம் வந்தா யாரைப் போய்த் திட்டுறது?"

"சேட்ல திட்டலாம்."

சேட்டில் திட்டுவதற்கு எனக்குத் தட்டச்சு வேகம் போதாது. ஏர்கானுக்கு அடியில் ஈரக் கையோடு கூப்பாடு போட்டுப் பழகிய ஆள் நான். ஆனாலும் அட்டவணையில் அவள் கம்பெனிக்கு நேராக முழுக்கப் பச்சையாக இருந்தது. என் பழைய கம்பெனிக்கு நேராக மேலிருந்து கீழ்வரை ரத்தக்களரி.

கம்பெனி அப்புறம், முதலில் போன் என்று தேக்காவுக்குப் போனேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் என் வயதுக்காரர்தான், தலைக்கு மட்டும் சாயம் பூசியிருந்தார். ஒரு போனை எடுத்துக் குழந்தையைத் தருவதுபோல் என் கையில் வைத்தார்.

"இதுல கேமரா பாத்தீங்கன்னா சார், நிலாவையே பக்கத்துல எடுக்கலாம்."

"நிலாவுல எனக்கு இன்னும் ஏர்கான் வேலை வரல."

"அப்ப இதைப் பாருங்க. ரெண்டா மடிக்கலாம்."

"மடிக்காததையே நான் உடைச்சுட்டு வந்துருக்கேன்."

அவர் என் பழைய போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உறவினர் வீட்டில் துக்கம் கேட்கிற முகம். "சார், உங்களுக்கு என்னதான் வேணும்?"

யோசித்துச் சொன்னேன். ஏணியிலிருந்து விழுந்தால் சாகக்கூடாது. கண்ணாடி போடாமல் எழுத்து தெரியவேண்டும். சாயங்காலம் வரை பேட்டரி நிற்கவேண்டும். ஈர விரலுக்கும் அசையவேண்டும். அவர் உள்ளே போய், நடுத்தர விலையில், செங்கல் மாதிரி ஒரு போனைக் கொண்டுவந்தார். கைரேகை வைக்கச் சொன்னார். வைத்தேன். 'மறுபடி முயலவும்' என்றது. துடைத்துவிட்டு வைத்தேன். 'மறுபடி முயலவும்.' தினமும் தண்ணீரிலும் கெமிக்கலிலும் ஊறி என் ரேகை தேய்ந்துவிட்டது என்பதை இரண்டாயிரத்துச் சொச்சம் பாடல்களை ஏற்றிவைக்கிற ஒரு பெட்டி எனக்கு அறிவித்தது. சுண்டுவிரலை மட்டும் ஒத்துக்கொண்டது. சரி, அது போதும் என்றேன்.

"எடுத்து வைங்க. சிம் முடிவு பண்ணிட்டு வந்து வாங்கிக்கிறேன்."

"சிம் எதுல போட்டாலும் ஒண்ணுதான் சார்."

அதை மட்டும் நான் நம்பவில்லை. எனக்குச் சிக்னல் வேண்டிய இடம் வேறு யாருக்கும் வேண்டாத இடம். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற சர்வீஸ் யார்டு, ஏர்கான் கம்ப்ரெசர் வைத்திருக்கிற வெளித்திட்டு, பேஸ்மெண்ட் கார் நிறுத்தம். அங்கே நின்றுதான் உடைந்த பாகத்தைப் படம் எடுத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அனுப்புவேன். அது போய்ச் சேராவிட்டால் மறுநாளும் அதே வீட்டுக்கு வரவேண்டும். அட்டவணையில் 'சர்வீஸ் யார்டு' என்று ஒரு கட்டம் இல்லை. அதனால் நானே பரீட்சை வைத்தேன்.

மனைவியின் போன் ஒரு கம்பெனி. மகளுடையது இன்னொன்று. லாரி ஓட்டுகிற நண்பர் ஒருவர், தேக்காவில் தினமும் என்னோடு கோப்பி குடிக்கிறவர், மூன்றாவது கம்பெனி. மூன்றையும் ஒருநாள் இரவல் வாங்கினேன். சட்டைப்பையில் ஒன்று, கால்சட்டையில் இரண்டு. போகிற வீடுகளிலெல்லாம் சர்வீஸ் யார்டில் நின்று மூன்றிலும் ஒரே கம்ப்ரெசரை மூன்று முறை படமெடுத்து அனுப்பினேன். வாடிக்கையாளர் ஒருவர் தன் மனைவியிடம் கிசுகிசுப்பது கேட்டது: "ஏர்கானு ரொம்ப சீரியஸ் போல."

நடுவில் நண்பரின் போன் அடித்தது. அவர் மனைவி. எடுக்காமல் இருந்திருக்கலாம்.

"எங்க இருக்கீங்க?"

"ஜூரோங்ல ஒரு வீட்டுல, கிச்சனுக்குப் பின்னாடி," என்றேன்.

"யாருய்யா நீ?"

அதற்குப் பிறகு நண்பர் எனக்கு ஒரு வாரம் கோப்பி வாங்கித் தரவில்லை. ஆனால் பரீட்சை முடிவு தெளிவாக வந்தது. மகளின் கடையில்லாக் கம்பெனிதான் முதல் மதிப்பெண். ஜூரோங், புக்கிட் பாத்தோக், தேக்கா மூன்றிலும் பாஸ். பொங்கோலில் மட்டும் சோதிக்கவில்லை. பொங்கோல் பக்கம் நான் இரண்டு வருஷமாகப் போவதில்லை. அந்தக் கதைக்கு வருகிறேன், வராமல் இருக்க முடியாது.

அன்று மாலையே மகள் ஆப்பைத் திறந்து என்னைச் சேர்த்தாள். பழைய நம்பரையே புதுக் கம்பெனிக்குக் கொண்டுபோகலாம், இரண்டு நிமிஷ வேலை என்றாள். இரண்டாவது நிமிஷத்தில் அடையாள அட்டை எண்ணுக்குக் கீழே சிவப்பாக ஒரு வரி வந்தது.

"அப்பா, உங்க ஐசி நம்பர் மேட்ச் ஆகலையாம். இந்த லைன் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான். பதினேழு வருஷமா நான்தானே கட்டுறேன்."

"கட்டுறது வேற. யார் பேர்ல?"

மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். கரண்டியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ரைஸ் குக்கர்.

தனியாகத் தொழில் தொடங்கிய வருஷம். ஒரு கம்பெனியில் இரண்டு லைன் சேர்ந்து எடுத்தால் ரைஸ் குக்கர் இலவசம் என்று போட்டிருந்தார்கள். மனைவியின் அண்ணன், என் மச்சான், வரிசையில் நின்று தன் பெயரிலேயே இரண்டையும் எடுத்தார். அடுத்தடுத்த நம்பர்கள். அவருடையது எட்டில் முடியும், என்னுடையது ஒன்பதில் முடியும். பணம் மாதாமாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். ரைஸ் குக்கர் அவர் வீட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு யாரும் அதை நினைக்கவேயில்லை.

"அண்ணன் பேர்லங்க," என்றாள் மனைவி.

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மச்சானும் நானும் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது.

அதற்குக் காரணம் என் வாய். மச்சான் பொங்கோலில் புது வீடு வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தார். ஏர்கானை வேறு ஓர் ஆளிடம் போட்டிருந்தார். ஹாலில் ஐம்பது பேர், ஹோமப் புகை, எல்லோருக்கும் வியர்க்கிறது. சுவரில் வேறொருவனின் ஸ்டிக்கர். எனக்குப் பொறுக்கவில்லை. சத்தமாகக் கேட்டேன், "மச்சான், இந்த ஏர்கான் ஹாலுக்கா, இல்ல சாமி படத்துக்கு மட்டுமா?" ஐம்பது பேரும் சிரித்தார்கள். மச்சான் வேலை செய்கிற கப்பல் பட்டறையின் மேலதிகாரியும் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து விசேஷங்களில் அவர் ஒரு மேசை, நான் ஒரு மேசை. நடுவில் என் மனைவி இரண்டு மேசைக்கும் அப்பளம் கொண்டுபோவாள்.

"நீ ஒரு வார்த்தை அண்ணன்கிட்ட சொல்லேன்," என்றேன்.

"உங்க வாயி, உங்க நம்பரு. நீங்களே பேசுங்க."

"அப்பா, அவரு கேன்சல்னு ஒரு கால் பண்ணா முடிஞ்சுது, நம்பர் போயிடும்," என்றாள் மகள். ஆறுதலாகச் சொல்கிறோம் என்று அவளுக்கு நினைப்பு.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு வாடிக்கையாளர்களை வீடு வீடாக எண்ணினேன். சுவர் சுவராக என் ஸ்டிக்கர்கள் கண்ணில் வந்தன. நம்பரை அழுத்தினால் 'இந்த எண் பயன்பாட்டில் இல்லை' என்று ஒரு பெண் குரல் சொல்லும். வீட்டுக்காரர் என் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு ஒருவனுடையதை ஒட்டிக்கொள்வார்.

மச்சானுக்கு வாட்ஸப்பில் எழுத உட்கார்ந்தேன். முதலில் நகைச்சுவையாக ஒன்று எழுதினேன். அனுப்பும் பொத்தான் திரையின் செத்துப்போன மூலையில் இருந்தது. போனைப் படுக்கைவசமாகத் திருப்பினால்தான் அது உயிருள்ள பக்கத்துக்கு வரும். திருப்புவதற்குள் ஒரு தடவை படித்துப் பார்த்தேன், அழித்துவிட்டேன். இரண்டாவதும் அப்படியே. போன் நல்லதாக இருந்திருந்தால் இரண்டையும் அனுப்பியிருப்பேன், மூன்றாவது மேசை போடும் நிலை வந்திருக்கும். கடைசியில், 'மச்சான், என் நம்பர் உங்க பேர்ல இருக்கு. மாத்தணும். கம்பெனி கடைக்கு நீங்க ஐசியோட வரணும். வருவீங்களா?' என்று மட்டும் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் மறுநாள் வந்தது. 'சனி 1 மணி. ஜூரோங் கடை. நேரத்துக்கு வரவும்.'

மச்சான் கப்பல் பட்டறையில் சேஃப்டி சூப்பர்வைசர். நேரத்துக்கு வரவும் என்றால் பத்து நிமிஷம் முன்னால் என்று அர்த்தம். நான் இருபது நிமிஷம் முன்னால் போய் வரிசை எண் எடுத்து உட்கார்ந்தேன். அவர் வேலைச் சட்டையோடு வந்தார், ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் சுவரில் ஓடிய விளம்பரத்தைப் பார்த்தோம். அதில் ஒரு குடும்பம் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் எண் வந்தது. கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும்.

"ஓனர்ஷிப் டிரான்ஸ்ஃபரா அங்கிள்? ரெண்டு பேரும் ஃபேமிலியா?"

"ஆமா," என்றேன். "இல்ல," என்றார் மச்சான். இரண்டும் ஒரே நேரத்தில்.

"ஃபார்ம்ல ஒண்ணு போட்டாகணும் அங்கிள்."

"என் தங்கச்சி வீட்டுக்காரர்னு போடும்மா," என்றார் மச்சான். "தங்கச்சி நல்ல பொண்ணு."

"ஓகே. எதுக்கு மாத்துறீங்க?"

"அவரைக் கேளும்மா. எதைக் கேட்டாலும் அவரு கையில ஒரு பதில் ரெடியா இருக்கும்."

"அவருகிட்ட சொல்லும்மா," என்றேன். "வேற கம்பெனிக்குப் போகப்போறேன், அதுக்குத்தான்."

"அங்கிள், நான் இந்தக் கம்பெனிலதான் வேலை பாக்குறேன்," என்றாள் அவள்.

"எந்தக் கம்பெனிக்குன்னு கேளும்மா," என்றார் மச்சான்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேசுங்களேன் அங்கிள். பின்னாடி எட்டு பேரு வெயிட் பண்றாங்க லா."

மச்சான் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். எனக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை.

"மச்சான், அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஐம்பது பேரு முன்னாடி. தப்புதான்."

"அது கிடக்கட்டும் மாப்ள. உங்க வாயி எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துலயே என் மீசையைப் பத்திப் பேசுன ஆளு நீங்க." அவர் குரல் தணிந்தது. "அதுக்கு முன்னாடி ஒரு வாரம் உங்களுக்கு எத்தனை தடவை போன் பண்ணேன்? புது வீட்டு ஏர்கானு நீங்கதான் போடணும்னு மூணு தடவை பண்ணேன். எடுக்கல. திருப்பியும் கூப்பிடல. அப்புறம்தான் வேற ஆளைப் பாத்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஏணிமேல் நிற்கும்போது மச்சான் பெயர் வந்தால், நம்ம ஆள்தானே, அப்புறம் பேசலாம் என்று விடுவது என் வழக்கம். வாடிக்கையாளர் என்றால் மட்டும் ஏணியிலிருந்து இறங்குவேன்.

"ஊருல இருக்கறவன்லாம் தப்பு நம்பரை அடிச்சே உங்களைப் புடிச்சிடறான்," என்றார் மச்சான். "நான் சரியான நம்பரை அடிச்சும் புடிக்க முடியல."

"தப்பு நம்பரா?"

"உங்க ஸ்டிக்கர்ல தண்ணி பட்டா கடைசி ஒன்பது எட்டாத் தெரியுது மாப்ள. எல்லாப் பயலும் எனக்கு அடிக்கிறான். ஏர்கானு ஒழுகுது, ஏர்கானு கத்துதுன்னு. வேலை நேரத்துல, சாப்பாட்டு நேரத்துல. கடைசி நம்பர் ஒன்பதுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

"எத்தனை மாடின்னு கேட்டது நீங்களா?"

"பின்ன? நீங்க பாட்டுக்கு ஏணியைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. ஜன்னலோரமா, ஏணி போட எடம் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் உங்க நம்பரைக் குடுப்பேன். எடம் இல்லன்னா, ஆளு ரெண்டு பேரா வரச்சொல்லுன்னு சொல்லுவேன். நான் சேஃப்டில இருக்கேன்ல."

உண்மைதான். சிலர் என்னிடம், இரண்டு பேராக வரச் சொன்னார்களே, நீங்கள் ஒருத்தர்தான் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என் ஆபீஸில் போன் எடுக்கிற அந்தக் கறாரான ஆள், இரண்டு வருஷமாகச் சம்பளமில்லாமல், என்னோடு பேசாமல், எனக்கு வேலை பார்த்திருக்கிறார். நானோ அது என் சொந்தக் குரல் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கவுண்டர்ப் பெண் ஃபார்மை மெல்ல எங்கள் பக்கம் தள்ளினாள். மச்சான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் போட்டேன். பதினேழு வருஷத்துக்குப் பிறகு என் நம்பர் என் நம்பரானது. இரண்டு நாள் கழித்து வேறு கம்பெனிக்குக் கொண்டுபோகலாம் என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் வருத்தத்தோடு.

வெளியே வந்ததும் மச்சான் கேட்டார், "அந்தப் புதுக் கம்பெனி எங்க வீட்டு சர்வீஸ் யார்டுல எடுக்குமா?"

"பொங்கோல்ல டெஸ்ட் பண்ணல மச்சான்."

"டெஸ்ட் பண்ணாம எப்படி முடிவு பண்ணுவீங்க? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நாளைக்கு வந்து பண்ணுங்க. சாப்பாட்டு நேரத்துக்கு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் நானும் பொங்கோலுக்குப் போனோம். சோதிக்க மகளின் போன் இருந்தது; நம்பர் என் பெயருக்கு வந்த தைரியத்தில், தேக்கா கடையில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்த செங்கல் போனையும் அன்று காலையே வாங்கிவிட்டேன். பழக்கதோஷத்தில் வண்டியில் கருவிப் பெட்டியும் ஏணியும் இருந்தன. வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய ரைஸ் குக்கர் பொங்கும் வாசனை. அதன் மூடியில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, வேலை மட்டும் நிற்கவில்லை.

சர்வீஸ் யார்டில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்றேன். மகளின் போனில் சிக்னல் இரண்டு கோடுதான் காட்டியது. அடித்தது. எடுத்தேன். ஹாலிலிருந்து மச்சான்.

"கேக்குதா?"

"கேக்குது மச்சான்."

"இப்ப?"

"இப்பவும் கேக்குது."

"எடுத்துட்டீங்களே, ஆச்சரியம்தான்," என்றார். போனிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு கோடு போதும், இந்தக் கம்பெனிதான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

திரும்பும்போது ஹால் ஏர்கானை நிமிர்ந்து பார்த்தேன். ஓரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு பாத்திரம்.

"எவ்வளவு நாளா மச்சான்?"

"நாலு மாசம்."

"வேற ஆளு வரலையா?"

"கூப்பிட்டாத்தானே வருவான்."

ஏணியைக் கொண்டுவந்து போட்டேன். மச்சான் வந்து அடியைப் பிடித்துக்கொண்டார், மூன்று புள்ளித் தொடர்பு என்று ஏதோ சேஃப்டிப் பாடம் சொன்னார். மூடியைக் கழற்றினேன், தண்ணீர்க் குழாயை அடைத்திருந்த அழுக்கை எடுத்தேன், கழுவினேன். கழுவும்போது யூனிட்டின் அளவைப் பார்த்தேன். ஹாலின் நீள அகலத்தைக் கண்ணாலேயே கணக்குப் போட்டேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று முதலில் தோன்றியது.

"மச்சான், இந்த ஹாலுக்கு இது சரியான சைஸ்தான். அன்னைக்கு ஐம்பது பேரும் ஹோமமும் இருந்ததால வேர்த்துச்சு."

"எனக்குத் தெரியும். கேட்டுத்தான் வாங்கினேன்."

பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு என்னுடையதை ஒட்டினேன். ஏணியிலிருந்து இறங்குவதற்குள் மச்சான் உள்ளே போய், பட்டறையில் இரும்பில் எழுதுகிற கறுப்பு மார்க்கர் பேனா ஒன்றோடு வந்தார். என்னை இறங்கச் சொல்லிவிட்டு, என்னை ஏணி பிடிக்க வைத்துவிட்டு, தானே மேலே ஏறினார். ஸ்டிக்கரில் கடைசி ஒன்பதின் வாலைத் தடிப்பாக, நன்றாக இரண்டு தடவை இழுத்தார்.

"இல்லன்னா எங்க வீட்டு கம்ப்ளைண்டு எனக்கேதான் வரும்," என்றார்.